பேரம்பலத்தாரும் பறக்கும் அட்டையும்

புது நூற்றாண்டு பிறந்த அன்று காலை, வெள்ளவத்தையில் பேரம்பலத்தார் ஒரு சபதம் எடுத்தார். இந்த வருடம் முடிவதற்குள் பிளேன் ஏறுவது. சபதத்தை எடுத்துவிட்டுப் பல் தீட்டப் போனார்.

இது சின்ன விஷயமில்லை. காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கையில் அவருக்கு ஒரு கொம்யூனிகேஷன் இருந்தது. வெளிநாட்டுக்கு ரெலிபோன் எடுக்கிற கடை. பலகை அடித்த நாலு கூண்டுகள். ஒன்றுக்குள் ரொறன்ரோ அழும். அடுத்ததில் ஒஸ்லோ சிரிக்கும். மூன்றாவதில் பாரிஸோடு "காசு இன்னும் வரேல்லை!" என்று யாராவது சண்டை பிடிப்பார்கள். யுத்தத்துக்கும் செக்பொயின்ற்றுக்கும் தப்பி ஒழுங்கையில் பாதிப்பேர் போய்விட்டார்கள். அவர்களையெல்லாம் ஊரோடு கதைக்க வைத்த பேரம்பலத்தார் மட்டும் கட்டுநாயக்கா விமான நிலையத்துக்கு அப்பால் ஓர் அடி வைத்ததில்லை. அவருடைய குடை கூட இலண்டனில் இருக்கிறது. மழைக்கென்று இரவல் வாங்கிய பெடியன் அப்படியே பிளேன் ஏறிவிட்டான். குடைக்கு அடித்த யோகம் தனக்கு அடிக்கவில்லையே என்பது மனிதருக்குத் தீராக் குறை.

இந்த நேரம் பார்த்துத்தான் நிலாம் வந்தான். கழுத்தில் ரை கட்டி, தோல்பையோடு கடை கடையாக ஏறி இறங்கி, வங்கிக்குக் கடன் அட்டைக்காரரைப் பிடித்துக் கொடுக்கிற இளைஞன். மேசையில் மூன்று விதமான அட்டைகளின் படங்களைப் பரப்பினான். ஒன்றுக்குப் புடைவைக் கடையில் விலைக் கழிவு. இன்னொன்றுக்கு வருடக் கடைசியில் ஒரு அயன் பொக்ஸ். மூன்றாவதில் பிளேன் பறந்தது.

"இதில என்ன தம்பி?"

"நீங்க சாமான் வாங்க வாங்க பொயின்ற்ஸ் சேரும் சேர். சேந்தா பிளேன் ரிக்கற் சும்மா."

"சும்மாவோ?"

"சும்மா சேர்."

உலகத்தில் இதைவிட இனிமையான சொல்லைப் பேரம்பலத்தார் கேட்டதில்லை.

பின்னேரம் தேத்தண்ணியோடு வீட்டில் விவாதம் நடந்தது. அவருடைய மனைவி கனகேஸ்வரி அரசாங்கப் பள்ளிக்கூடத்தில் கணக்கு ரீச்சர். அவர் நேரே புடைவைக் கழிவு அட்டையின் படத்தைத்தான் கையில் எடுத்தார்.

"இது நல்லாயிருக்கு. எனக்கு உதவும்."

"சீலையைக் கட்டிக்கொண்டு பறக்கலாமே? இது ரிக்கற் அப்பா, ரிக்கற்!"

"ஆருக்கு?"

"எங்களுக்குத்தான்."

வாய் எங்களுக்கு என்றது. மனம் எனக்கு என்றது. சிங்கப்பூருக்கு ஒரே ஒரு ரிக்கற். "உடுப்பை மாத்துங்கோ, பொரிச்சது வேண்டாம், கொலஸ்ரோல்" என்று சொல்ல ஆளில்லாத ஒரு கிழமை. இந்த இரகசியத்தை அவர் பக்கத்துப் பலசரக்குக் கடை நாகமணிக்கு மட்டும்தான் சொன்னார்.

மறுநாள் நிலாம் வீட்டுக்கு வந்து வருமானக் கணக்கைக் கேட்டான். அங்கேதான் வில்லங்கம். வரிக்காரருக்குப் பயந்து பேரம்பலத்தார் வருடா வருடம் எழுதிக் கொடுத்த வருமானத்தை வாசித்தால் கல்லும் கரையும். நிலாம் இரண்டு தரம் வாசித்தான்.

"சேர், தப்பா நினைக்காதீங்க. இந்தக் கணக்கப் பாத்தா பேங்க் உங்களுக்குக் காட் தராது. ஏழைகளுக்குக் குடுக்கிற ஸக்காத்துத்தான் தரும்."

"அது வரிக்குக் காட்டினது தம்பி."

"பேங்குக்கும் அதத்தானே சேர் காட்டோணும்?"

பேரம்பலத்தார் முகட்டைப் பார்த்தார். நிலாம் ரீச்சரைப் பார்த்தான்.

"மிஸ்ஸுக்குச் சம்பளச் சிட்டை ஈக்கிதுதானே? மெயின் காட் மிஸ்ஸுட பேர்ல போடுவோம். சேருக்குத் துணைக் காட் ஒண்டு. சேர் வாங்கினாலும் பொயின்ற்ஸ் மெயின் காட்டிலதான் சேரும்."

பேரம்பலத்தாருக்கு இது கேட்கத்தான் செய்தது. ஆனால் காசு கட்டப்போவது அவர். அட்டை யார் பெயரில் இருந்தால் என்ன, குடும்பத் தலைவர் தலைவர்தானே? துணை அட்டை வந்தபோது அதிலும் அவருடைய பெயர் பொன்னெழுத்தில் எழும்பி நின்றது. சாமிப்படத்துக்கு முன்னால் வைத்துத் திருநீறு பூசி எடுத்தார்.

அதற்குப் பிறகு மனிதரைப் பிடிக்க முடியவில்லை. கடற்கரையிலிருந்து சைக்கிளில் மீன் கொண்டுவருகிறவனிடம் காட் மெஷின் இல்லை என்பதால் வீட்டில் நல்ல மீன் நின்றுபோனது. சுப்பர்மார்க்கற்றில் ஐஸ்கட்டிக்குள் உறங்கிய மீன் வந்தது. அது உயிரோடு இருந்தபோதே கடலைக் கண்டதோ தெரியாது. கனகேஸ்வரி ஒரு சொல் சொல்லாமல் அதைக் கறியாக்கினார். அந்தப் பொறுமையைக் கண்டாவது மனிதர் பயந்திருக்க வேண்டும்.

சொந்தச் செலவு போதாமல் போகவே மற்றவர்களின் செலவிலும் கை வைத்தார். சுப்பர்மார்க்கற் காசாளருக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, வருகிற போகிறவர்களிடம், "தங்கச்சி, சல்லியை என்னட்டத் தாங்கோ, நான் காட்டில கட்டுறன்" என்றார். அது குண்டுக்குப் பயந்து கைப்பைகளைத் துழாவுகிற காலம். தெரியாத சனத்திடம் காசு வாங்கும் ஒரு தமிழரைக் கண்டால் காவலாளி சும்மா இருப்பானா? பொலிஸ்காரர் ஒருவர் வந்து, இது என்ன என்று சிங்களத்தில் கேட்டார்.

"மொகத மே அங்கிள்?"

பேரம்பலத்தார் அடையாள அட்டையையும் கடன் அட்டையையும் ஒன்றாக நீட்டினார். "எயாகே சல்லி, மகே காட் எக, மஹத்தயா! பொயின்ற்ஸ்! பிளேன்!" என்று, காசு அவர்களுடையது, அட்டை தன்னுடையது என்பதைத் தனக்குத் தெரிந்த சிங்களத்தில் சொல்லி, இரண்டு கைகளையும் விரித்துப் பறந்தும் காட்டினார். பொலிஸ்காரர் கடைக்குள் போனார். பிறகு தன் மனைவி வாங்கி வரச் சொன்ன பால்மாவையும் சவர்க்காரத்தையும் எடுத்து வந்து, காசை அவர் கையில் வைத்தார்.

வீட்டில் கனகேஸ்வரியும் உற்சாகத்துக்குக் குறை வைக்கவில்லை.

"இஞ்சருங்கோ, பிறிஜெற் அக்கா வோஷிங் மெஷின் வாங்கப் போறாவாம்."

பிறிஜெற் பக்கத்து வீட்டுக்காரி. கொட்டாஞ்சேனையில் பிறந்து வளர்ந்தவர். அவருக்கு அங்கே உறவென்றால் அரைக் கொட்டாஞ்சேனை.

"காசோ?" என்று கேட்கும்போதே பேரம்பலத்தார் அட்டையை எடுக்கச் சேட்டுப் பைக்குள் கையை விட்டுவிட்டார்.

"காசுதான். அவவின்ர மருமேளுக்குக் கலியாணமுமாம். உடுப்பெடுக்க வேணுமாம்."

புடைவைக் கடை வாசலைக் கண்டாலே தலையிடிக்கிற மனிதர், கொட்டாஞ்சேனைப் பெண்கள் ஒரு டசின் பேரோடு பொழுது சாயும்வரை புடைவைக் கடையில் நின்றார். "அந்த நீலத்தையும் எடுத்துக் காட்டும்" என்று விற்பனையாளனை அவரே விரட்டினார்.

ஐப்பசி மாதம் பொயின்ற்ஸ் நிரம்பிவிட்டது என்று கணக்குப் போட்டுப் பார்த்தார். சிங்கப்பூருக்கு ஒரு ரிக்கற். முகத்தைச் செத்தவீட்டுக்குப் போகிற மாதிரி வைத்துக்கொண்டு குசினிக்குள் நுழைந்தார்.

"கனகேஸ், ஒரு கவலையான விஷயம். பொயின்ற்ஸ் ஒராளுக்குத்தான் காணும் போலயிருக்கு. உம்மைத் தனிய அனுப்ப எனக்குப் பயமாயிருக்கு. அதாலை…"

"ஏன் ஒராளுக்கு? நான் நேற்று ரெண்டு ரிக்கற் எடுத்திட்டனே."

"ரெண்டோ?"

"சிங்கப்பூர் எண்டாத்தான் ஒண்டு. சென்னை கிட்டவெல்லே. ரெண்டு வரும்."

தான் ஒன்றுக்குக் கணக்குப் போட்ட இடத்தில் இந்தப் பெண் இரண்டுக்குக் கணக்குப் போட்டிருக்கிறாளே! பேரம்பலத்தாருக்கு வெட்கமாகவும் இருந்தது. சந்தோஷமாகவும் இருந்தது. கண் கலங்கிவிட்டது. அன்றைக்கே போய்ப் பெரிய சூட்கேஸ் ஒன்று வாங்கினார். "இதைவிடப் பெரிசில்லையோ?" என்றுதான் கனகேஸ்வரி கேட்டார். தையல்கடையில் சபாரி சூட்டுக்கு அளவு கொடுத்தார். கூண்டுக் கதவுகளைத் தட்டி, "நாங்கள் சென்னைக்குப் போறம், ரொறன்ரோவுக்குஞ் சொல்லுங்கோ" என்றார். பிளேன் எழும்பும்போது காது அடைக்காமல் இருக்க வாயில் ரொபி போடவேண்டும் என்று, பிளேனையே கிட்டக் காணாத நாகமணி விளக்கம் சொன்னார்.

இரண்டு நாள் கழித்துப் பாஸ்போட்டைத் தூசி தட்டிக்கொண்டு மனைவியிடம் வந்தார்.

"இந்தாரும். விசாவுக்குக் குடுக்கவேணுமெல்லே."

"எங்கட விசா வந்திட்டுது."

"எங்கட எண்டால்?"

"எனக்கும் பிறிஜெற் அக்காவுக்கும்."

பேரம்பலத்தார் பாஸ்போட்டைத் திறந்து தன் படத்தைப் பார்த்தார்.

"அப்ப நான்?"

"நீங்கள் தனியச் சிங்கப்பூருக்கெல்லே போறியள்."

"ஆர் சொன்னது?"

"நாகமணியண்ணை தன்ர மனிசிக்குச் சொன்னவர். அவ ஒழுங்கைக்குச் சொன்னவ."

"அது என்ர பொயின்ற்ஸ்!"

"மெயின் காட் என்ரை."

"தேய்ச்சது நான்!"

"ஓம். நல்லாய்த் தேய்ச்சனீங்கள்."

அன்று இரவு பேரம்பலத்தார் சாப்பிடவில்லை. ஐஸ்மீன் என்பதால் அது பெரிய நட்டமுமில்லை. கனகேஸ்வரிக்கே மனம் இளகிவிட்டது.

"மூஞ்சையை நீட்டாதேங்கோ. அங்க நான் வாங்கிறதுக்கும் பொயின்ற்ஸ் சேரும். அடுத்த ரிக்கற் உங்களுக்குத்தான், சத்தியமாய். ஆனா நான் கனக்க வாங்கமாட்டன். சிக்கனமாய் இருக்கவேணும்."

"என்ன சிக்கனம்?" பேரம்பலத்தார் துள்ளி எழும்பினார். "சிக்கனமாயிருந்தா நான் எப்ப பறக்கிறது? வாங்கும்! ஒண்டு பிடிச்சால் ரெண்டு எடும்!"

கலியாணம் முடித்த நாளிலிருந்து "இன்னொரு சீலையோ?" என்று மட்டுமே கேட்டுப் பழகிய வாய் அது. பயண நாளன்று கட்டுநாயக்காவில் பயணிகளை மட்டும்தான் உள்ளே விட்டார்கள். தடைக்கு வெளியே நின்றுகொண்டு, துவக்கோடு நின்ற ஆமிக்காரனும் திரும்பிப் பார்க்கும்படி, "காஞ்சிபுரத்தையும் ஒருக்காப் பாரும்! காட்டிலயே வாங்கும்!" என்று கத்தினார். கனகேஸ்வரி ரீச்சர் மிகவும் அடக்கமாகத் தலையசைத்துவிட்டுப் போனார்.

ஒரு கிழமை போயிற்று. பேரம்பலத்தாரும் இங்கே சும்மா இருக்கவில்லை. ஒழுங்கையில் யாரும் ஒரு நெருப்புப்பெட்டியைக் கூடக் காசு கொடுத்து வாங்க அவர் விடவில்லை. ஒரு பின்னேரம் கடையில் ரெலிபோன் அடித்தது. சென்னை.

"இஞ்சருங்கோ, நானப்பா. நிலாம் தம்பியோட கதைச்சனான். நீங்கள் தேய்ச்சதும் நான் தேய்ச்சதுமாய் ஒரு ரிக்கற்றுக்குக் காணுமாம்."

"எனக்கோ?"

"உங்களுக்குத்தான். நாளைக்கே விசாவுக்குக் குடுங்கோ. சென்னைக்கு வாங்கோ. பிறிஜெற் அக்கா நாளையிண்டைக்கு அங்க திரும்பி வாறா. நான் நீங்கள் வருமட்டும் நிப்பன், ரெண்டு பேருமாய்த் திரும்புவம்."

பேரம்பலத்தார் போட்ட சத்தத்தில் நாலு கூண்டும் அமைதியாகிவிட்டன. சிங்கப்பூர் கிடக்கட்டும்! பிளேன் பிளேன்தானே! அதற்கும் மேலாக, இந்த மனிசி தன்னை விட்டுவிட்டு இருக்க முடியாமல் தவித்துப் போய்க் கூப்பிடுகிறாளே. ரிசீவரைக் கையால் பொத்திக்கொண்டு மெல்லக் கேட்டார்.

"ஏன் கனகேஸ், என்னைக் காணாமல் இருக்கேலாமல் போச்சோ?"

"அதில்லையப்பா, சீலை கூடிப்போச்சு. பிளேனில ஒராளுக்கு இருபது கிலோதான் விடுறாங்கள். நீங்கள் வெறுங்கையோட வாங்கோ, உங்கட இருபது கிலோவும் எனக்கு வேணும்."