தாலியோடு வளைவில் நின்ற வண்டி

இதை எழுத எனக்குப் பல வருஷமாகக் கூச்சம். பேனாவை எடுப்பேன், மானம் போகுமே என்று மூடி வைப்பேன். (போவதற்கு மிச்சம் எதுவும் இல்லை என்பது வீட்டாரின் கருத்து.) இன்றைக்கு முருகன் மேல் பாரத்தைப் போட்டு எழுதிவிட்டேன்.

என் மச்சினனுக்குக் குரங்கணியில் கல்யாணம். எங்கள் வழக்கப்படி தாலியை முதல்நாள் போடியில் முருகன் பாதத்தில் வைத்து, காலைப் பூஜை முடிந்ததும் எடுத்துப் போக வேண்டும். அது எனக்கும் என் வீட்டுக்காரி செல்விக்கும் வந்த பொறுப்பு. மாப்பிள்ளைக்கு ஒரே அக்கா அவள். நாத்தனார் முடிச்சும் அவள்தான் போட வேண்டும். சொந்தக்காரர்கள் ஜீப்பில் இடம் வைத்துக் கூப்பிட்டார்கள். சாமி காரியத்துக்கு என் வண்டிதான் ராசி என்று அவர்களை அனுப்பிவிட்டேன்.

அந்த மோட்டார் சைக்கிள் என் கல்யாணத்துக்கும் மூத்தது. பியூஸ் போனால் விளக்கோடு என்ஜினும் அடங்கிவிடும். முன்விளக்குக்கு மேலே முருகன் படம், அதைச் சுற்றி மினுக்கும் சீரியல் பல்பு. வயர் இழுத்தது நானே. (பள்ளிக்கூடத்தில் மின்சாரப் பாடம் நடந்தபோது நான் பழனிக்குப் பாதயாத்திரை போயிருந்தேன்.)

கல்யாணத்தன்று காலை போடியைத் தாண்டி ஒரு வளைவில் வண்டி நின்றது. பியூஸ் கருகியிருந்தது. வேறு போட்டேன், ஓடியது. அடுத்த வளைவில் அதுவும் போச்சு. ஹாரன் மேல் சந்தேகப்பட்டுக் கழற்றினேன். பேட்டரியைச் சுரண்டித் திருநீறு பூசினேன். கைவசமிருந்த பியூஸ் எல்லாம் தீர்ந்தபிறகு, தடித்த செம்புக் கம்பி ஒன்றை முறுக்கி வைத்தேன். இப்போது பியூஸ் போகவில்லை, வயரே எரிந்தது. முருகன் புகைக்குள் மறைந்தார். கம்பியைப் பிடுங்கிவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.

ராகுகாலம் நெருங்குகிறது, எங்கே இருக்கிறீர்கள் என்று மச்சினன் போனில் அழாத குறை. செல்வி தாலி இருந்த மஞ்சள் துணியை நெஞ்சோடு பிடித்தபடி வண்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நேரா போறப்ப ஓடுது. இடதுபக்கம் ஒடிச்சாத்தான் நிக்குது. ஹேண்டில் கழுத்துல என்ன இடிக்குதுன்னு பாருங்க."

பார்த்தேன். நான் இழுத்த சீரியல் வயர்தான். ஹேண்டில் இடதுபக்கம் திரும்பும்போதெல்லாம் நசுங்கித் தோலுரிந்து, செம்பு இரும்பில் பட்டுக்கொண்டிருந்தது.

"சாமி விளக்குடி. நல்ல காரியத்துக்குப் போறப்ப அணைக்கலாமா?"

"அவருக்கு இருட்டுலயும் கண்ணு தெரியும். எந்தம்பி மணையில உக்காந்திருக்கான். நீங்க புடுங்குறீகளா, நான் புடுங்கவா?"

நான் யோசித்தேன். அவள் பிடுங்கினாள். செம்புக் கம்பியை மறுபடி பியூஸ் இடத்தில் வைத்து, கிக்கரை உதைத்தேன். அதற்கப்புறம் வண்டி எந்த வளைவிலும் நிற்கவில்லை.

நாங்கள் போனபோது ஐயர் சொன்ன மந்திரத்தையே திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். நாதஸ்வரக்காரருக்கு மூச்சு வாங்கியது. ராகுகாலத்துக்கு முன்னால் தாலி ஏறிவிட்டது. செல்வி போட்ட முடிச்சில் என் மேலிருந்த கோபம் முழுக்க இருந்தது, இன்றுவரை அவிழவில்லை.

இப்போது குடும்பத்தில் எந்தக் கல்யாணம் என்றாலும், "தாலி ஜீப்புல வருதா, மாமா வண்டியில வருதா?" என்று கேட்டுவிட்டுத்தான் மண்டபமே பிடிக்கிறார்கள். அதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். ஆனால் மச்சினன் குரங்கணி முழுக்க வேறு கதை பரப்புகிறான்: புகைக்குள்ளிருந்து முருகன் வேலோடு வந்து வண்டியை ஓட்டி வைத்தாராம். கும்பிடுகிறவன் நான், அதனால் சொல்கிறேன்: அவர் அருள் இருந்தது, வயரைப் பிடுங்கியது செல்வி. படிக்கிறவர்கள் நாலு பேரிடம் சொல்லுங்கள், ஆனால் ஒன்றும் கூட்டாமல் இப்படியே சொல்லுங்கள். அவள் பங்கையும் முருகனுக்கே கொடுத்துவிட்டால் எனக்கு வீட்டில் சோறு கிடைக்காது.