இஸட்டுக்குப் பக்கத்தில் ஒரு ஹெச்

"இஸட்டுக்கு அப்புறம் என்ன சார்?"

"ஹெச்."

"ழ-வுக்கு எதுக்கு சார் ஹெச்?"

அச்சுப்பிழை திருத்தும் புரூஃப்காரர் போனை இடது காதிலிருந்து வலது காதுக்கு மாற்றினார். மறுமுனையில் பதிப்பகத்து ரிசப்ஷனிஸ்ட். அவர் இருபது நிமிடமாகத் தன் புது மின்னஞ்சல் முகவரியைச் சொல்கிறார். அவளும் இருபது நிமிடமாக எழுதிக்கொள்கிறாள்.

பழைய முகவரி மைத்துனன் விளையாட்டாக ஆரம்பித்துக் கொடுத்தது: 'கூல்சிங்கம்99'. அதைப் பார்த்து ஒரு பேராசிரியர் வாய்விட்டுச் சிரித்த அன்றே, சொந்தமாக டொமைன், அதாவது தனக்கென்று ஒரு இணையப் பெயர், வாங்குவதென்று முடிவு கட்டினார். பெயர், 'பிழையில்லை'. பெயரைப் பதிவு செய்து, அஞ்சல் எந்த வாசலுக்கு வரவேண்டும் என்று கேட்கும் கட்டங்களைத் தானே நிரப்பி, ஒரே நாளில் முடித்துவிட்டார். யாரிடமும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்பது அவர் வழக்கமும் இல்லை.

இந்த அவசரத்துக்குக் காரணம் ஒரு அகராதி. பதிப்பகம் பல வருடங்களாகத் தயாரித்துக்கொண்டிருந்தது. ஆயிரத்து நானூறு பக்கம். மாதிரிப் பக்கங்கள் மின்னஞ்சலில் வரும், நன்றாகத் திருத்துகிறவருக்கு முழு அகராதியும் என்று பேச்சு. எட்டு மாதமாக அழைப்பிதழும் மருந்துப் பெட்டி வாசகமும் திருத்திக்கொண்டிருந்த மனிதருக்கு அந்த அகராதியின் மேல் காதல் என்றே சொல்லவேண்டும்.

"சார், சோதிச்சுப் பார்த்தேன். மெயில் திரும்பி வந்துடுச்சு" என்றாள் ரிசப்ஷனிஸ்ட்.

"எப்படிப் போட்டீங்க?"

"இஸட் ஹெச்செல்லாம் எதுக்குன்னு எல் போட்டேன். எல்லாரும் அப்படித்தானே சார் போடறாங்க?"

வேறு யாராவது என்றால் மறுபடி முதலிலிருந்து சொல்லியிருப்பார்கள். புரூஃப்காரர் அப்படியெல்லாம் சின்ன அளவில் யோசிக்கிறவர் இல்லை.

"விடும்மா. எல் போட்டும் ஒண்ணு வாங்கிடறேன்."

அரை மணியில் வாங்கிவிட்டார்.

"இனிமே நமக்கு ரெண்டு வாசல். எதுல வந்தாலும் நம்ம வீட்டுக்குத்தான் வரணும்" என்று மனைவியிடம் சொன்னார்.

"ஒரு வாசலுக்கே ஆளைக் காணோம்" என்றாள் மனைவி, துணி மடித்தபடி.

எழுத எளிது என்பதால் எல் போட்டதையே தெரிந்தவர்களுக்கெல்லாம் கொடுத்தார். எழுத எளிதுதான். படிப்பதில்தான் சிக்கல் வந்தது.

மறுநாள் பைண்டிங் கடைக்காரர் போன் செய்தார். குரல் தழுதழுத்தது.

"பத்து வருஷப் பழக்கம் சார். எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே? என் கொழுந்தியாளுக்கும் பன்னெண்டு வருஷம் கழிச்சுதான் தங்குச்சு."

"எது தங்குச்சு?"

"குழந்தைதான் சார். மெயில் அட்ரஸ்லயே 'பிள்ளையில்லை'ன்னு போட்டுக்கற அளவுக்கு மனசு ஒடிஞ்சு போயிட்டீங்களே!"

பக்கத்து அறையில் அவருடைய பெண்கள் இரண்டு பேரும் ஒரே சார்ஜருக்காக மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள்.

"அது பிழை, பிழைங்க!" என்று கத்தினார்.

"பிழை உங்க பேர்லயும் இல்ல, அவங்க பேர்லயும் இல்ல சார். எல்லாம் நேரம்" என்று சமாதானம் சொல்லிவிட்டு வைத்துவிட்டார் பைண்டிங் கடைக்காரர்.

மாலைக்குள் மூன்று பேர் டாக்டர் நம்பர் அனுப்பினார்கள். ஒருவர் தத்தெடுக்க யோசனை சொன்னார். இரவுச் சாப்பாட்டுக்கு மனைவி தட்டை வைத்த வேகத்திலேயே ஏதோ நடந்திருக்கிறது என்று தெரிந்தது.

"எங்கம்மா போன்ல அழறாங்க. ரெண்டு பேத்தியையும் மாப்பிள்ளை கணக்குலயே சேர்க்கலையான்னு கேக்கறாங்க."

"ஒரே மெயில்ல எல்லார் வாயையும் அடைச்சிடறேன் பாரு."

"ஏங்க, அனுப்பறதுக்கு முன்னாடி யார்கிட்டயாவது காட்டுங்களேன்."

"ஊரார் எழுத்தையெல்லாம் நான் பார்க்கறேன். என் எழுத்தை எவன் பார்க்கறது?"

போனிலேயே ஆங்கில எழுத்தில் தட்டி, தமிழில் வரவழைத்து, தான் யார், தன் தொழில் என்ன என்று பத்து வரியில் விளக்கினார். நூற்று நாற்பத்து மூன்று பேருக்கு ஒரே தட்டில் அனுப்பிவிட்டு நிம்மதியாகச் சாப்பிட்டார்.

வெள்ளிக்கிழமை காலை ரிசப்ஷனிஸ்ட் கூப்பிட்டாள். "சார், முதலாளி உங்களை உடனே வரச் சொல்றார். உங்க மெயிலைப் படிச்சுட்டு எழுந்தே நின்னுட்டார்!"

"பார்த்தியா?" என்றார் மனைவியிடம். "மாதிரிப் பக்கம்கூட வேணாமாம். எழுத்தைப் பார்த்தே எடை போட்டுட்டார்." சலவைச் சட்டை போட்டுக்கொண்டார். பதிப்பகத்து மாடிப்படியை இரண்டிரண்டாகத் தாண்டினார்.

முதலாளி அறைக் கதவைத் தானே சாத்தினார்.

"உங்களை மாதிரி ஒருத்தரைத்தான் தேடிட்டிருந்தேன். பதினாறு வருஷமா இதோட மல்லாடறேன்."

"தெரியும் சார். ஊரே பேசுது."

"ஊரே பேசுதா?" முதலாளியின் முகம் சுருங்கியது.

"பெரிய விஷயம்னா பேசத்தான் செய்வாங்க. எனக்கு முன்னாடி யாராவது பார்த்தாங்களா?"

"மூணு பேர். கடைசி ஆள் ஒரே வாரத்துல கும்பிடு போட்டுட்டுப் போயிட்டார்."

"மேலோட்டமாப் பார்த்திருப்பாங்க. நான் அப்படியில்ல சார். தப்புன்னு கண்ணுல பட்டா அங்கேயே அடிச்சிடுவேன்."

"அடிச்சிடுவீங்களா?"

"அடிக்காம எப்படி சார் திருத்தறது?"

முதலாளி ஜன்னலையும் சாத்தினார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "சரி. என் சம்சாரத்துக்கு மட்டும் தெரிய வேணாம். தாங்க மாட்டா."

முதலாளி வீட்டு அம்மாவுக்கு மொழியின் மேல் இவ்வளவு பற்றா என்று புரூஃப்காரருக்குப் புல்லரித்தது.

"உங்க வீட்டுலயே வச்சுக்குவீங்களா?"

"என் கண் முன்னாலயே இருக்கும் சார். ஆறு மாசத்துல ஒரு குறை இல்லாம உங்க கையில கொடுக்கறேன்."

முதலாளி அவர் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். கண் கலங்கியிருந்தது. புரூஃப்காரருக்கும் கலங்கியது. எட்டு மாதத்து அழைப்பிதழெல்லாம் அந்த ஒரு நிமிடத்தில் மறந்தே போயிற்று.

கீழே வந்து ரிசப்ஷன் மேசையில் கம்பீரமாகக் கையை ஊன்றினார். "கட்டை எடுத்துக் கொடும்மா. ஆட்டோ சொல்லிடறேன்."

"எந்தக் கட்டு சார்?"

"அகராதிதான்!"

அவள் தன் கம்ப்யூட்டர் திரையை அவர் பக்கம் திருப்பினாள். "அகராதியா? சார், 'எப்பேர்ப்பட்ட பிள்ளையாக இருந்தாலும் திருத்தித் தரப்படும்'னு நீங்கதானே மெயில் போட்டீங்க, முதலாளி பையன் பெட்டி படுக்கையோட கார்ல உட்கார்ந்தாச்சு!"