ஞாயிற்றுக்கிழமைக்குள் ஒரு முதுகு

பைக்கை நிறுத்தி இரண்டு நிமிடமாகியும் பிசியோதெரபிஸ்ட் அதிலிருந்து இறங்கவில்லை. இறங்க முடியவில்லை என்பதுதான் உண்மை. இடுப்பு ஒரு பக்கமும் கால் ஒரு பக்கமுமாக ஒத்துழைக்க மறுத்தன.

ஒருவழியாக இறங்கினார். ஆனால் நிமிர வரவில்லை. அதனால் வழக்கம்போல் குனிந்தபடியே டயரைத் தட்டிப் பார்க்க ஆரம்பித்தார். மூன்று வாரமாக நடக்கும் நாடகம் இது. யார் பார்த்தாலும் மனுஷன் வண்டியைக் கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொள்கிறார் என்றுதான் நினைப்பார்கள்.

"என்ன டாக்டர், தினமும் காத்து இறங்குதா?"

பின்னால் தையல்காரர் நின்றிருந்தார். பத்து மணி நோயாளி. முதுகுவலிக்காரர்.

"டயர் விஷயத்துல அலட்சியம் கூடாதுங்க."

"அது சரி. ஆனா நீங்க தட்டுறது பக்கத்து வண்டி டயரு."

பிசியோதெரபிஸ்டுக்கு முகத்தில் அசடு வழிந்தது. நல்லவேளை, குனிந்திருந்ததால் யாருக்கும் தெரியவில்லை.

அவருடைய நிலைமையைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். மருந்துக்கடைக்கு மேல்மாடியில் இரண்டு அறை. வாசலில் 'முதுகை நிமிர்த்துங்கள், வாழ்க்கை நிமிரும்' என்று பலகை. எழுதியவர் அவரேதான். படியேறி வருகிற ஒவ்வொருவரையும் உட்கார வைத்து, "எப்படி உட்காரக்கூடாது தெரியுமா?" என்று ஆரம்பித்தால் கால் மணி நேரம் பேசுவார். இப்போது எப்படியெல்லாம் உட்காரக்கூடாதோ அப்படியெல்லாம் தினம் இரண்டு வேளை உட்கார்ந்து வந்துகொண்டிருந்தார்.

அந்த வண்டி அப்படி. பந்தய வண்டி. ஹேண்டில் முழங்காலுக்குப் பக்கத்தில் இருக்கும், கால் வைக்கும் இடம் பின்னாலே எங்கேயோ இருக்கும், வயிற்றை டேங்க்கின் மேல் கிடத்திவிட்டு, தலையை மட்டும் தூக்கிச் சாலையைப் பார்க்க வேண்டும். இருபது வயதுக்காரனுக்கு அது கம்பீரம். நாற்பத்தாறு வயதில் அது தண்டனை.

விற்றுத் தொலைக்க வேண்டியதுதானே என்பீர்கள். அதுதான் முடியாது. வாங்கிக் கொடுத்தது மனைவி.

கல்யாணமான நாளிலிருந்து இருபது வருஷமாக, எந்தக் கடைக் கண்ணாடிக்குள் பந்தய வண்டி நின்றாலும் அவர் ஒரு நிமிடம் நின்றுவிட்டுத்தான் போவார். வாங்குகிறேன் என்று வாய்திறந்து சொன்னதே இல்லை. அந்த அம்மாள் கவனித்துக்கொண்டே இருந்திருக்கிறாள். இருபதாவது கல்யாண நாளன்று சாவியை அவர் உள்ளங்கையில் வைத்து, "ஓட்டுங்க. நான் பின்னாடி உட்கார்ந்துக்கிறேன்" என்றாள். அவர் குழந்தை மாதிரி அழுதுவிட்டார். அப்படி அழுது வாங்கிக்கொண்ட வண்டியை, மூன்று வாரத்தில், "இது என் முதுகை ஒடிக்குதும்மா" என்று எந்த வாயால் சொல்வது?

சொல்லாமல் ஓட்டலாம் என்றால் ஞாயிற்றுக்கிழமை வந்துகொண்டிருந்தது.

"ஞாயித்துக்கிழமை அக்கா வீட்டுக்கு இதுலயே போறோம்னு சொல்லிட்டேங்க" என்றாள் மனைவி. "ஆறு மணி நேரம்தானே. அக்கா வாசல்லயே நிப்பா. நாம ரெண்டு பேரும் ஜம்முனு போய் இறங்கணும்."

"போயிடலாம்மா" என்றார் அவர். "உனக்குப் பின்னாடி வசதியா இருக்குல்ல?"

"எனக்கென்னங்க, சோபாவுல உட்கார்ந்த மாதிரி இருக்கு."

ஆறு மணி நேரம். அவருடைய முதுகுக்குக் கால் மணி நேரமே அதிகம். இன்னும் ஆறு நாள் இருந்தது. திங்கட்கிழமை மதியமே மெக்கானிக்கிடம் போய் நின்றார்.

"அண்ணே, ஒரு நண்பருக்காகக் கேக்குறேன். இந்த மாதிரி வண்டியில தூரமா போகணும்னா உட்கார வசதியா மாத்த முடியுமா?"

"நண்பரைக் கூட்டிட்டு வாங்க சார். உயரம் பாக்கணும்."

"அவருக்கும் என் உயரம்தான்."

"வயிறு?"

"அதுவும் இதேதான்."

மெக்கானிக் கையைத் துடைத்துக்கொண்டே அவரை மேலும் கீழும் பார்த்தார். "அப்ப நண்பரை வண்டி மேல ஏறி உட்காரச் சொல்லுங்க" என்றார்.

வண்டியில் அவரை உட்கார வைத்து மெக்கானிக் பார்க்குமுன், பிசியோதெரபிஸ்ட் பையிலிருந்து கோணம் அளக்கும் கருவியை எடுத்தார். நோயாளிகளின் முட்டியையும் தோளையும் அளப்பது. இடுப்பு மடங்கும் கோணம், மணிக்கட்டு வளையும் கோணம் என்று எல்லாவற்றையும் அளந்து ஒரு தாளில் எழுதி நீட்டினார். கோளாறு வண்டியின் உடல்வாகில் இருக்கிறது, படிப்படியாகச் சரிசெய்துவிடலாம் என்றும் தைரியம் சொன்னார்.

"சார், வண்டிக்கு ஒண்ணும் இல்ல" என்றார் மெக்கானிக். "அது நல்லாத்தான் இருக்கு."

"நான் சொல்றபடி செய்யுங்கண்ணே. இது என் தொழில்."

முதல் சிகிச்சை சீட்டுக்கு. மூன்று விரல்கடை உயரத்துக்கு மெத்தை ஏற்றினார்கள். உட்கார்ந்தால் சொர்க்கமாக இருந்தது. சிக்னலில் நிறுத்தும்போதுதான் கால் தரைக்கு எட்டவில்லை என்பது தெரிந்தது. கட்டைவிரல் நுனியால் தரையைத் தேடிக்கொண்டே, மெதுவாக, மிக மெதுவாக, வண்டியோடு இடதுபக்கம் சாய்ந்தார். பக்கத்தில் நின்றிருந்த தள்ளுவண்டிக்காரர்தான் தோளைக் கொடுத்து நிறுத்தினார்.

"புதுசா பழகுறீங்களா சார்?" என்று கேட்டார் அவர், பரிவாக.

மானம் கப்பலேறியது. பதினெட்டு வயதிலிருந்து வண்டி ஓட்டுகிறவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு பச்சை விளக்குக்காகக் காத்திருந்தார்.

செவ்வாய்க்கிழமை இரண்டாவது சிகிச்சை. சீட்டு உயர்ந்துவிட்டது, அதனால் வண்டியையே கொஞ்சம் தாழ்த்திவிடலாம் என்றார். மெக்கானிக் தலையில் அடித்துக்கொள்ளாத குறையாகத் தாழ்த்திக் கொடுத்தார். கால் எட்டியது. ஆனால் வண்டி தாழ்ந்ததும் சைடு ஸ்டாண்டு நீளமாகிப்போனது. மருந்துக்கடை வாசலில் சாய்த்து நிறுத்தினால் சாயாமல் செங்குத்தாக நின்றது. கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு மறுபக்கம் விழுந்தது. அங்கே மருந்துக்கடைக்காரர் இருமல் மருந்துப் பெட்டிகளை அடுக்கிவைத்திருந்தார்.

"டாக்டர், மாடியில இருந்துக்கிட்டு என் வியாபாரத்தை ஏன் இப்படிப் பண்றீங்க" என்றார் அவர். பிசியோதெரபிஸ்ட் குனிந்து ஒவ்வொரு பாட்டிலாகப் பொறுக்கினார். குனிந்த மனுஷன் நிமிர நேரமானதால் எல்லாப் பாட்டிலையும் அவரே பொறுக்கும்படி ஆயிற்று. கடைக்காரர் மனம் இளகி, "பரவாயில்ல, விடுங்க" என்று நாலு தரம் சொல்லிவிட்டார். விட்டால்தானே.

புதன்கிழமை ஸ்டாண்டை வெட்டிக் குட்டையாக்கி, கூடவே ஹேண்டிலையும் உயர்த்தினார்கள். இதுதான் பெரிய சிகிச்சை. முதுகு நிமிர்ந்தது, மணிக்கட்டு வலி குறைந்தது. பிசியோதெரபிஸ்ட் முதல்முறையாகச் சிரித்தார். தெருமுனையில் ஹேண்டிலை இடதுபக்கம் திருப்பினார். ஹாரன் அலறியது. நேராக்கினார், நின்றது. மறுபடி இடதுபக்கம் திருப்பினார், மறுபடி அலறியது.

"ஹேண்டில் மேல போயிடுச்சு, ஒயரு பத்தல. இழுத்துப் பிடிக்குது" என்றார் மெக்கானிக். "நீளமான ஒயரு வர பத்து நாளாகும். அதுவரைக்கும் இடதுபக்கம் திரும்பாதீங்க."

"எப்படிண்ணே திரும்பாம போறது?"

"உங்க நண்பரைக் கேளுங்க சார்."

அன்று சாயங்காலம் மனைவியைப் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு கடைத்தெருவுக்குக் கிளம்பினார். வீட்டிலிருந்து நேராகப் போய் இடதுபக்கம் திரும்பினால் கடைத்தெரு. அவர் வலதுபக்கம் திரும்பினார். பிறகு இன்னொரு வலது. பிறகு இன்னொரு வலது.

"ஏங்க, இந்தப் பெட்ரோல் பங்கை மூணாவது தடவையா பாக்குறோம்" என்றாள் மனைவி.

"உனக்காகத்தான்மா. ஆசையா ஏறி உட்கார்ந்திருக்க, உடனே இறக்கி விடுவானேன்?"

அவள் அவர் தோளை இறுகப் பிடித்துக்கொண்டாள். நெகிழ்ந்துபோய்விட்டாள் என்று அவர் நினைத்துக்கொண்டார். வீடு வந்ததும் அவர் டயரைப் பார்க்கக் குனிந்தார். அவள் இறங்கி, வாசல் கதவைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் அசையாமல் நின்றாள்.

"உள்ள போகலையாம்மா?"

"காத்து நல்லா இருக்குங்க. நின்னுட்டு வரேன்."

எவ்வளவு சந்தோஷமாக இருக்கிறாள் என்று அவருக்குப் பெருமையாக இருந்தது. இவளிடம் போய்ப் பொய் சொல்கிறோமே என்று வெட்கமாகவும் இருந்தது. அந்த வெட்கத்திலேயே குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு, எட்டாத இடத்தில் கை வளைத்து வளைத்துத் தைலம் தேய்த்தார். வாசனை தெரியாமல் இருக்க மேலே பவுடரைக் கொட்டினார். அப்படியும் வீடு முழுக்கத் தைல வாடைதான்.

"ஏதோ வாசனை வருதா?" என்று பயந்துகொண்டே கேட்டார்.

"இல்லையே. எனக்கு ஒண்ணும் தெரியலையே" என்று அவள் சட்டென்று சொன்னாள். தப்பித்தோம் என்று படுத்துக்கொண்டார்.

வியாழக்கிழமை காலையில்தான் குட்டு உடைந்தது. வாரம் ஒருநாள் முதுகுவலிக்காரர்களை வரிசையாக நிற்க வைத்துப் பயிற்சி கொடுப்பது அவர் வழக்கம். தையல்காரர், மருந்துக்கடைக்காரரின் தங்கை, ரிட்டயர்டான தபால்காரர் ஒருவர், மூன்று பேரும் நின்றார்கள்.

"கீழே கிடக்குற பொருளை எப்படி எடுக்கணும்? இப்படி முட்டியை மடக்கி, முதுகை வளைக்காம, மெதுவா இறங்கணும். எல்லாரும் என்கூடவே செய்ங்க."

இறங்கினார். எல்லோரும் இறங்கினார்கள். இடுப்புக்குள் ஏதோ பூட்டிக்கொண்டது.

"இப்ப ஏறலாமா டாக்டர்?" என்றார் தபால்காரர்.

"அவசரப்படாதீங்க. அப்படியே இருங்க."

அப்படியே இருந்தார்கள். கடிகாரம் ஓடியது. தங்கைக்கு முட்டி நடுங்கியது. தையல்காரர் நெற்றியில் வியர்வை வழிந்தது.

"எவ்வளவு நேரம் டாக்டர்?"

"மூச்சை நல்லா இழுத்து விடுங்க. இதுதான் முக்கியமான கட்டம்."

"இது பயிற்சி மாதிரி தெரியலையே" என்றார் தையல்காரர், பக்கத்தில் குனிந்த முகத்தை உற்றுப் பார்த்து. "டாக்டர், உங்களுக்கு மாட்டிக்கிச்சா?"

பூமி பிளந்தால் உள்ளே போய்விடலாம் என்றிருந்தது. பிளந்தாலும் அந்த நிலையில் உள்ளே இறங்க முடிந்திருக்காது. மூன்று முதுகுவலிக்காரர்களும் சேர்ந்து, "ஒண்ணு, ரெண்டு" என்று எண்ணி, தங்கள் வைத்தியரைத் தூக்கிக் கட்டிலில் கிடத்தினார்கள். கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தவருக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது. வலியால் பாதி, வெட்கத்தால் பாதி.

"யார்கிட்டயும் சொல்லிடாதீங்க" என்றார்.

"சொல்ல மாட்டோம் டாக்டர்" என்று தையல்காரர் போர்வையைப் போர்த்திவிட்டார். அந்தப் பரிவுதான் தாங்க முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமைக்கு இன்னும் மூன்று நாள். தன் முதுகைத் தானே அமுக்கிக்கொள்ள எந்த வைத்தியராலும் முடியாது. இன்னொருவர் கை வேண்டும். ஊரின் அந்தக் கோடியில் இன்னொரு பிசியோதெரபிஸ்ட் இருந்தார். நம்மவர் அவருக்கு வைத்த பெயர் கட்டைவிரல். எந்த வலிக்கும் கட்டைவிரலால் அமுக்குவார் என்பதால். "அங்க மட்டும் போயிடாதீங்க, லிஃப்ட் பட்டன் அமுக்குற மாதிரி அமுக்குவாரு" என்று பத்து வருஷமாக எல்லா நோயாளிகளிடமும் சொல்லிக்கொண்டிருந்தார்.

வெள்ளிக்கிழமை மதியம் அங்கேதான் போனார். வண்டியை எடுக்கவில்லை, பஸ்ஸில் போனார். யாரும் அடையாளம் கண்டுகொள்ளக் கூடாது என்று ஹெல்மெட்டை மட்டும் போட்டுக்கொண்டிருந்தார். பஸ்ஸில் இருந்த அத்தனை பேரும் அவரையே பார்த்துக்கொண்டு வந்தார்கள்.

கட்டைவிரலின் கிளினிக்கில் சீட்டு எழுதும் பெண் நிமிர்ந்து பார்த்தாள்.

"ஹெல்மெட்டைக் கழட்டலாமே சார்."

"கழுத்து வலி. கழட்ட வரல."

"என்ன வேலை பாக்குறீங்க?"

பதினெட்டு வருஷ அனுபவமுள்ள பிசியோதெரபிஸ்ட், "தையல்" என்றார்.

"குனிஞ்சு தைக்கிறதால வந்த வலியா?"

சும்மா தலையாட்டியிருக்கலாம். முடியவில்லை. மூன்று வாரமாக யாரிடமும் சொல்லாதது, ஹெல்மெட் கண்ணாடிக்குப் பின்னால் முகம் தெரியாத தைரியத்தில், வெளியே வந்துவிட்டது.

"இல்லம்மா. பைக். என் மனைவி ஆசையா வாங்கிக் குடுத்தா. என்னால ஓட்ட முடியல. வலிக்குதுன்னு சொன்னா அவ மனசு உடைஞ்சிடும். நாளன்னிக்கு அவளை உட்கார வச்சு ஆறு மணி நேரம் ஓட்டணும். எப்படியாவது அதுவரைக்கும் தாங்குற மாதிரி பண்ணிவிடச் சொல்லும்மா. அவளுக்குத் தெரியவே கூடாது. சொல்லவே கேவலமா இருக்கு."

அந்தப் பெண் சீட்டைக் கிழித்து அவர் கையில் கொடுத்தாள்.

"இதுல என்ன சார் கேவலம்? உள்ள ஒரு அம்மா மூணு வாரமா வராங்க, வீட்டுக்காரருக்கு அவங்களே பைக் வாங்கிக் குடுத்து, அது பின்னாடி உட்கார்ந்தே இடுப்பு போயிடுச்சு, அவரு மனசு உடைஞ்சிடும்னு வாயத் திறக்க மாட்டேங்குறாங்க, இத்தனைக்கும் அவரும் இதே வைத்தியம் பாக்குற டாக்டர்தானாம். அவங்களுக்குப் பக்கத்துக் கட்டில்தான் காலியா இருக்கு, போய்ப் படுங்க."