நூறைமலையில் விடைபெறும் சட்டம்

தவளக்குடை நாடு என்று ஒரு நாடு இருந்தது. அந்த நாட்டில் ராஜாவையும் மந்திரிகளையும் ஜனங்களே ஓட்டுப் போட்டு உட்கார வைப்பார்கள். அவர்கள் உட்கார்ந்த பிறகு ஜனங்கள் நிற்பார்கள். அடுத்த ஓட்டு வரும்வரை நின்றுகொண்டே இருப்பார்கள். நெடுங்கால வழக்கம் என்பதால், கால் வலிக்கிறது என்று சொல்ல யாருக்கும் தோன்றவில்லை.

அந்த நாட்டின் மேற்கு ஓரத்தில் நூறைமலை இருந்தது. நூறை என்பது காட்டில் கொடியாகப் படர்ந்து, மண்ணுக்குள் ஆழமாக இறங்கும் ஒரு கிழங்கு. மழை பொய்த்த வருஷத்திலும் மலையில் ஒரு வயிறும் காயாமல் பார்த்துக்கொண்டது அதுதான். அதைத் தோண்ட மலைக்காரர்களுக்கு ஒரு முறை உண்டு. கிழங்கை எடுத்துக்கொண்டு, கொடியோடு ஒட்டிய தலையை மட்டும் அறுத்துத் திரும்பக் குழியில் வைப்பார்கள். மண்ணைத் தள்ளிக் குதிகாலால் மிதித்து, "நீ இரு, நான் வர்றேன்" என்பார்கள். சொல்லாமல் ஒருவரும் குழியை விட்டு நகர மாட்டார்கள்.

இதில் அதிசயம் ஒன்றுமில்லை. அந்த நாட்டில் மலையானாலும் சமவெளியானாலும், வீட்டை விட்டுப் புறப்படுகிறவர்கள் "வர்றேன்" என்று சொல்லித்தான் படி இறங்குவார்கள். "போறேன்" என்று ஒருவர் சொல்லிவிட்டால் பின்னால் நிற்கிறவர்களுக்கு அது திரும்பி வராதவர் பேச்சாகப் படும். மலைக்காரர்கள் அந்த மரியாதையைக் கிழங்குக்கும் கொடுத்தார்கள், அவ்வளவுதான்.

கெம்பி என்பவளின் மூத்த மகன் அந்த வார்த்தையைச் சொல்லாமல் போனவன். அப்போது மலையில் பள்ளிக்கூடம் இல்லை. பிள்ளைகளைச் சமவெளியில் இருந்த விடுதிக்கு லாரியில் ஏற்றிப் போவார்கள். விடுதி ஆள் அவசரப்படுத்திப் பையனைத் தூக்கி உள்ளே போட்டான். அவன் வாயைத் திறப்பதற்குள் வண்டி வளைவு திரும்பிவிட்டது. மழைக்காலத்தில் விடுதியில் காய்ச்சல் கண்டது. சேதி மலையேறி வருவதற்குள் அவனைப் புதைத்துவிட்டார்கள். எந்த இடம் என்றுகூட அவளுக்குச் சரியாகக் காட்டவில்லை. ஆளுக்கு ஒரு மேட்டைக் கை காட்டினார்கள்.

அழுது முடித்த பிறகு கெம்பி அரசாங்கத்தின் வாசலில் போய் உட்கார்ந்தாள். துரத்தினார்கள், மறுபடி உட்கார்ந்தாள். அவளைத் தாண்டித் தாண்டி நடந்து அதிகாரிகளுக்கே அலுத்துப்போய்த்தான் மலைக்கு ஒரு பள்ளிக்கூடம் வந்தது. ஓர் அறை, தகரக் கூரை, நல்லமுத்து என்று ஒரு வாத்தியார். கெம்பியின் மகள் ரங்கி அங்கேதான் எழுத்துப் படித்தாள். ராத்திரிக்கு வீட்டுக்கு வந்து அம்மாவின் பக்கத்தில் படுத்தாள். கெம்பி கேட்டது அவ்வளவுதான்.

நல்லமுத்து சமவெளிக்காரர் என்றாலும் காது உள்ள மனிதர். வருஷக் கடைசி நாளில் பிள்ளைகளையும் தாய் தகப்பன்மாரையும் காட்டுக்கு அழைத்துப் போவார். பிள்ளைகள் கிழங்கு தோண்டுவார்கள், தலையை வைத்து மிதிப்பார்கள். பிறகு பள்ளி முற்றத்தில் அடுப்பு மூட்டி ஊர் மொத்தமும் சாப்பிடும். எந்தக் கொடிக்கு என்ன பேர், எந்தப் பக்கம் தோண்டக் கூடாது என்று பிள்ளைகள் எழுதியதை வாத்தியார் சுவரில் ஒட்டுவார். அதுதான் அவர்களின் ஆண்டு விழா. மாலையும் மேடையும் இல்லாத விழா என்பதால் அரசாங்கத்துக்கு அது வெகுநாள் தெரியவில்லை.

தெரிந்தபோதுதான் கேடு பிடித்தது, கண்ணுகளா.

கல்வி மந்திரி ஞானமார்த்தாண்டர் ஒரு நாள் காலையில் மலைவாசிகளுக்கும் அறிவு உண்டு என்று கண்டுபிடித்தார். அதைத் தாமே கண்டுபிடித்ததாகத் தலைநகரில் ஒரு கல்லும் நட்டார். இனி நாட்டின் கிராமப் பள்ளிகள் எல்லாவற்றிலும் ஆண்டு நிறைவைத் 'தொல்லறிவுப் பெருவிழா'வாகக் கொண்டாட வேண்டும் என்று ஆணை வந்தது. கெம்பிக்குத் தலைகால் புரியவில்லை. நம்மையும் ஒரு பொருட்டாக மதித்துவிட்டார்கள் என்று வீடு வீடாகப் போய்ச் சொன்னாள். சந்தேகப்பட்டவர்களைத் திட்டவும் செய்தாள்.

விழாவுக்கு முன்னேற்பாடு செய்யப் பள்ளிக் கண்காணியார் மகுடேசன் மலையேறி வந்தார். வியர்வையைத் துடைத்துக்கொண்டு ஆணைகளை வாசித்தார். காடு அரசுடைமை என்பதால் பிள்ளைகள் கிழங்கு தோண்டுவது குற்றம். அதற்குப் பதிலாக அரண்மனை முத்திரை குத்திய களிமண் கிழங்குகள் வழங்கப்படும். மலை மொழி மேடைக்கு ஒவ்வாது. பாட்டும் பேச்சும் தலைநகர் நடையில் இருக்கும். பிள்ளைகள் இலை உடுத்தி, தலையில் இறகு செருகி, முகத்தில் கரி பூசி ஆட வேண்டும்.

கெம்பி எழுந்து நின்றாள். "ஐயா, நாங்க எப்பவும் எல கட்டுனதில்லீங்க. எங்க பாட்டன் வேட்டிதான் கட்டினாரு."

"புத்தகத்தில் படம் போட்டிருக்கிறதே, அம்மா."

"அந்தப் படம் யாருங்க?"

மகுடேசன் புத்தகத்தைத் திருப்பிப் பார்த்தார். "நீங்கள்தான்" என்றார்.

கூட்டம் சிரித்தது. மகுடேசன் சிரிக்கவில்லை. அவர் சிரிப்பதற்குத் தனி ஆணை வேண்டும்.

அதற்குப் பிறகு பாடம் நின்றுபோனது. பிள்ளைகள் வெயிலில் வரிசையாக நின்று, தங்களுக்குத் தெரியாத மொழியில் தங்களைப் பற்றிப் பாடப் பழகினார்கள். ரங்கி வாய்ப்பாட்டை மறந்தாள். மந்திரியின் பட்டங்களை மூச்சுவிடாமல் சொல்லக் கற்றாள். சுவரில் ஒட்டியிருந்த பிள்ளைகளின் எழுத்தைக் கிழித்துவிட்டு அங்கே ஞானமார்த்தாண்டரின் படத்தை மாட்டினார்கள். நல்லமுத்து மறுத்துப் பேசினார். பேசியதற்காக அவருடைய சம்பளம் நின்றது. அவர் மலைக்காரர்கள் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டு அங்கேயே இருந்தார்.

விழாவோடு ஒரு தேர்வும் உண்டு என்று கடைசியில்தான் சொன்னார்கள். மலைப் பிள்ளைகளுக்கு மலை அறிவு இருக்கிறதா என்று அரசாங்கம் சோதிக்குமாம். இதில் தோற்க முடியுமா என்று ஊரே நிம்மதியாக இருந்தது. நூறைக் கிழங்கை அகழும் முறை யாது என்று ஒரு கேள்வி. பிள்ளைகள் எல்லாரும் ஒரே மாதிரி எழுதினார்கள்: தலையை மண்ணில் வைப்போம், மிதிப்போம், வர்றேன் என்போம். ஆனால் தலைநகரில் அச்சான புத்தகத்தில் வேறு விடை இருந்தது. கொடியை வேரோடு பிடுங்கி, எச்சமின்றி எடுக்க வேண்டும். புத்தகம் எழுதிய பண்டிதர்களுக்கு அதைச் சொன்னவர் அரண்மனைக்குக் கிழங்கு கொண்டுவரும் ஒப்பந்தக்காரர்.

மலைப் பிள்ளைகள் ஒருவர் விடாமல் தோற்றார்கள். மலையைப் படத்தில் மட்டும் பார்த்திருந்த மந்திரியின் பேத்தி நாட்டிலேயே முதலாவதாக வந்தாள்.

விழா நாளில் மந்திரி மேடையேறினார். கரி பூசிய முகங்களோடு பிள்ளைகள் ஆடி முடித்து, மூச்சு வாங்கிக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தார்கள். வியர்வையில் கரி வழிந்து ரங்கியின் கண்ணில் இறங்கியது. அவள் தேய்த்துக்கொண்டே இருந்தாள்.

"தம் முன்னோரின் அறிவைத் தாமே மறந்துவிட்ட இச்சிறார்களைக் கண்டு அரசு கண்ணீர் வடிக்கிறது" என்றார் மந்திரி. கண்ணீர் வடிந்ததாக எழுத்தர்கள் உடனே குறித்துக்கொண்டார்கள். "எனவே தரம் குன்றிய இப்பள்ளி மூடப்படும். மாணவர்கள் சமவெளி விடுதியில் சேர்க்கப்படுவார்கள். இக்கட்டடம் தொல்லறிவுக் காட்சிக்கூடமாக விளங்கும்."

விடுதி என்ற சொல் கெம்பியின் காதில் விழுந்தது. அதற்குப் பிறகு அவர் பேசிய எதுவும் விழவில்லை. அவள் கூட்டத்தைப் பிளந்துகொண்டு மேடைக்கு அடியில் போய் நின்றாள். இந்த விழாவுக்கு வீடு வீடாகப் போய் ஆள் சேர்த்ததும் அவள்தான்.

"ஐயா, ஒண்ணு கேக்கோணும். தலைய மண்ணுல வெக்காமப் புடுங்கிட்டா, அடுத்த வருசம் என்னத்தத் திம்பீங்க?"

மந்திரி மகுடேசனைப் பார்த்தார். மகுடேசன் புத்தகத்தைப் பார்த்தார்.

"அடுத்த ஆண்டைப் பற்றிய வினா பாடத்திட்டத்தில் இல்லை, அம்மா" என்றார் மந்திரி, மிகவும் கனிவாக.

மேடையில் இருந்தவர்கள் விருந்துக்குப் போனார்கள். கெம்பி முற்றத்திலேயே நின்றாள். அவள் அழவில்லை. கையில் கிடைத்த கம்பால் மண்ணைக் கொத்தத் தொடங்கினாள். ரங்கி தன்னிடம் இருந்த முத்திரை குத்திய களிமண் கிழங்கைக் கொண்டுவந்து குழியில் போட்டாள். மற்ற பிள்ளைகளும் போட்டார்கள். மண்ணைத் தள்ளினார்கள். குதிகாலால் மிதித்தார்கள். பூட்டப்போகும் பள்ளிக்கூடத்தைப் பார்த்து, தங்கள் மொழியில், எல்லாரும் சேர்ந்து சொன்னார்கள்: "நீ இரு, நாங்க வர்றோம்."

விருந்துப் பந்தலில் அதைக் கேட்ட மந்திரி பாதிச் சாப்பாட்டில் எழுந்து சிப்பாய்களுக்கு ஆள் அனுப்பினார்.

அன்றே சிப்பாய்கள் வந்து முற்றத்தைத் தோண்டினார்கள். அரசு முத்திரையிட்ட களிமண் கிழங்குகள் மீட்கப்பட்டன என்றும், புதைத்தவர்களின் நோக்கம் ஆராயப்படுகிறது என்றும் தலைநகருக்குச் சேதி போனது. மந்திரிசபை கூடியது. வருகிறோம் என்கிறார்களே, யார் வருகிறார்கள், எங்கே வருகிறார்கள், வந்து என்ன செய்வார்கள் என்று ஞானமார்த்தாண்டர் மேசையைத் தட்டிக் கேட்டார். ஒருவருக்கும் பதில் தெரியவில்லை. தெரியாததனால் பயம் கூடியது. தவளக்குடை நாட்டில் விடைபெறும் எவரும் இனி "வர்றேன்" என்று சொல்லக் கூடாது, "போறேன்" என்றுதான் சொல்ல வேண்டும், மீறினால் சிறை என்று சட்டம் பிறந்தது. சட்டத்துக்கு முன் எல்லாரும் சமம் என்று அதன் அடியில் மந்திரியே தன் கையால் எழுதினார்.

வீட்டுக்கு வீடு காவலர்கள் காது வைத்துக் கேட்டார்கள். கல்யாணப் பெண்கள் "போறேன்" என்று சொல்ல மாட்டாமல் தாய்வீட்டு வாசலிலேயே நின்றார்கள். படைக்குப் புறப்பட்ட பிள்ளைகளைத் தாய்மார்கள் இழுத்துக் கதவைச் சாத்திக்கொண்டார்கள். மகுடேசன் அலுவலகத்துக்குக் கிளம்பும்போது சட்டப்படி விடைபெற்றார். அவருடைய மனைவி அந்த வார்த்தையைக் கேட்டு நெஞ்சில் கை வைத்து உட்கார்ந்துவிட்டாள். அதன் பிறகு அவர் வெளியே போவதே அரிதாகிவிட்டது. வரி வாங்கப் போகிறவர்கள் கூடப் போகவில்லை. அரசாங்கம் அதற்காக மட்டும் வருத்தப்பட்டது.

விடுமுறை முடிந்து மலைக்கு லாரி வந்தது. அதே லாரிதான். நிறம் மட்டும் மாற்றியிருந்தார்கள். வேறு வழியில்லாமல் மகுடேசனும் கூட வந்திருந்தார். பிள்ளைகள் ஏறலாம் என்றார்.

கெம்பி ரங்கியைத் தன் முன்னால் நிறுத்தி, இரண்டு தோளையும் பிடித்துக்கொண்டாள்.

"ஏறட்டுமுங்க. ஆனா எம்புள்ள என்ன சொல்லிட்டு ஏறோணும்? வர்றேன்னு சொன்னா நீங்க புடிச்சு உள்ள வெப்பீங்க. ஒண்ணுஞ் சொல்லாம ஒருத்தன் ஏறுனான், அவன் எந்த மண்ணுல கெடக்கிறான்னு எனக்குத் தெரியாது. போறேன்னு இவ வாயால சொல்லட்டுமா? உங்கூட்டுல உங்கம்மா முன்னால நீங்க ஒருக்காச் சொல்லிக் காட்டுங்க. நான் அனுப்பறேன்."

மகுடேசனுக்கு வீட்டில் மனைவி உட்கார்ந்த கோலம் ஞாபகம் வந்தது. லாரியின் முன்பக்கம் ஏறி உட்கார்ந்துகொண்டார். மலையில் ஒரு தாயும் பிள்ளையைக் கையிலிருந்து விடவில்லை. லாரி காலியாக இறங்கியது. மறுநாள் காலையில் அம்மாமார்கள் சேர்ந்து காட்சிக்கூடத்தின் பூட்டைக் கல்லால் உடைத்தார்கள். நல்லமுத்து மந்திரியின் படத்தைத் திருப்பி வைத்து, அதன் பின்பக்கத்தில் வாய்ப்பாடு எழுதினார். ரங்கி முதல் வரியை மறந்திருந்தாள். இரண்டாவதை ஞாபகம் வைத்திருந்தாள்.

பிறகு ஓட்டு வந்தது. எந்த நாட்டிலும் அது வரும்போதுதான் மந்திரிகளுக்கு வழி தெரியும். ஞானமார்த்தாண்டர் மலையேறி வந்து கிழங்கு கேட்டுச் சாப்பிட்டார், பிள்ளைகளின் கன்னத்தைத் தட்டினார், மலை தன் தாய்வீடு என்றார். மலைக்காரர்கள் நின்று கேட்டார்கள். நிற்பது அவர்களுக்குப் பழக்கம்தானே. பேசி முடித்துக் கிளம்பும்போது அவர் கைகூப்பினார். வாய் வழக்கமாக "வ" என்று தொடங்கியது. பக்கத்தில் காவலர்கள் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார்கள். அவர் எழுதிய சட்டம், அவர் போட்ட கையெழுத்து.

மந்திரி ஒருமுறை காவலர்கள் பக்கம் பார்த்தார்.

"போறேன்" என்றார்.

கெம்பி அவர் முகத்தைப் பார்த்துத்தான் சொன்னாள். குரலை உயர்த்தவில்லை.

"போங்க."

மலை மொத்தமும் அதையே சொன்னது. அந்த வருஷம் நாடு பூராவும், மந்திரிகள் ஓட்டுக் கேட்டு விடைபெற்ற வாசல்களில் எல்லாம், ஜனங்கள் சட்டத்துக்குப் பணிந்து அதையே சொன்னார்கள். சொன்னபடியே ஓட்டும் போட்டார்கள்.

புது மந்திரி நல்ல மனிதர் என்றார்கள். வந்தவுடன் அந்தச் சட்டத்தை நீக்கினார். பிறகு மலைவாசிகளுக்கும் அறிவு உண்டு என்று தாமும் கண்டுபிடித்து, மாலை போட்டுக்கொண்டு மலையேறி வந்தார். கூப்பிய கையோடு, அடிக்கடி வருவதாகச் சொன்னார். அவருக்குப் பின்னால் ஆட்கள் ஒரு பெரிய பெட்டியைச் சுமந்து வந்தார்கள். அதன் மூடி சரியாக மூடவில்லை. இடுக்கில் ஓர் இறகு நீட்டிக்கொண்டிருந்தது.

ரங்கி அம்மாவின் சேலையைப் பிடித்து இழுத்தாள்.

"பாத்தேன் சாமி" என்றாள் கெம்பி. பார்வையைப் பெட்டியிலிருந்து எடுக்காமலே, பள்ளிக்கூடத்தின் வாசலை அடைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.