சற்று வெளியே செல்ல வேண்டும்

மேடை, மைக், பொன்னாடை மூன்றும் ஒரே இடத்தில் சேர்ந்தால் எனக்கு மூளை வேலை செய்யாது. அதுவரை "இங்குட்டு வாங்க, அங்குட்டு உக்காருங்க" என்று ஊர்ப் பேச்சு பேசிக்கொண்டிருப்பவள், மைக்கைக் கண்டதும் செய்தி வாசிக்கத் தொடங்கிவிடுவேன். (என் கல்யாணத்தில் போட்டோகிராபர் எதையோ முகத்துக்கு நேரே நீட்ட, "அனைவருக்கும் வணக்கம்" என்றேன். அது லைட் ஸ்டாண்டு.) இந்த வியாதியால் என் மானம் போனது பலமுறை. ஒரு தடவை ஒரு குழந்தையின் மானம் போகப் பார்த்தது.

நான் கல்லல் பக்கம் ஒரு பள்ளியில் மாற்றுத்திறன் குழந்தைகளுக்கான சிறப்பாசிரியை. அழகம்மை என் மாணவி. மூளை முடக்குவாதம், சக்கர நாற்காலி, வாய்ப்பேச்சு வராது. மற்றபடி அந்த வகுப்பில் அவளைவிட விவரமான ஆள் கிடையாது, என்னையும் சேர்த்துத்தான். பள்ளியில் ஒண்ணுக்கு வந்தால் சொல்ல வழியில்லை என்று காலையிலிருந்து தண்ணீரே குடிக்கமாட்டாள். நா வறண்டு உட்கார்ந்திருப்பாள்.

பிறகு அவளுக்கு ஒரு டேப்லெட் வந்தது. படத்தைத் தொட்டால் அது பேசும். அதில் வந்த குரல் "எனக்குப் பசி ஏற்பட்டுள்ளது" ரகம். அதை அழித்துவிட்டு "பசிக்குது", "வலிக்குது", "ஒண்ணுக்கு வருது" என்று என் குரலிலேயே பதிந்து கொடுத்தேன். அவள் முதலில் பழகியது கடைசியாகச் சொன்ன படத்தைத்தான். அதன்பின் தைரியமாகத் தண்ணீர் குடித்தாள். அதைப் பார்த்து நான் அழுதுவிட்டேன்.

இந்த அதிசயத்தைப் பார்க்கச் சிவகங்கையிலிருந்து ஒரு பெரிய அதிகாரி வருவதாகத் தகவல் வந்தது. கூடவே, சாய்தளம் வைத்துக் கட்டிய புதுக் கழிப்பறைக்கும் அவர் கையாலேயே திறப்பு விழா. ஒத்திகையில் அழகம்மை ஒவ்வொரு படமாகத் தொட்டுக் காட்ட, "ஒண்ணுக்கு வருது" என்றதும் தலைமையாசிரியர் பதறிவிட்டார்.

"டீச்சர், எம்புட்டுப் பெரிய ஆபீசரு வாராக! சபையில இப்படியா பேசும் மெஷினு?"

எனக்குச் சொல்ல வேண்டுமா! அந்தப் படத்துக்கு மட்டும் புதிதாகப் பதிந்தேன்: "நான் சற்று வெளியே செல்ல வேண்டும்." 'சற்று'வில் ஒரு குழைவு வேறு. அழகம்மை அதை அமுக்கிப் பார்த்துவிட்டு என்னையே வெகுநேரம் பார்த்தாள். என் தமிழில் சொக்கிவிட்டாள் என்று நினைத்துக்கொண்டேன்.

விழா நாளில் அதிகாரி வரத் தாமதம். அதுவரை எல்லோருக்கும் நன்னாரி சர்பத். அழகம்மை வேண்டுமட்டும் குடித்தாள். ஒருவழியாக அதிகாரி வந்தார், பேசினார், பேசிக்கொண்டே இருந்தார். மேடையில் மைக் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அழகம்மை படத்தைத் தொட்டாள்.

"நான் சற்று வெளியே செல்ல வேண்டும்."

அதிகாரி உருகிவிட்டார். "கேட்டீர்களா! நான்கு சுவருக்குள் அடைந்து கிடந்த குழந்தை வெளியே செல்ல வேண்டும் என்கிறாள்! வெளியே என்றால் எது? உலகம்!"

கைதட்டல். அவள் மறுபடி தொட்டாள். மறுபடி கைதட்டல். அதிகாரி அவளைக் கல்லூரிக்கு அனுப்பி, வெளிநாடு தாண்டி, விண்வெளிக்கே ஏற்றிவிட்டார். எல்லோரையும்விடப் பலமாகத் தட்டியது நான்தான். "சூப்பர் அழகு, இன்னொருக்கா அமுக்கு" என்று காதில் சொல்லவும் செய்தேன். (எழுதும்போதே காது சுடுகிறது.) அவளுக்கு வேர்த்துக் கொட்டியது. மேடைக் கூச்சம் என்று முடிவு செய்தேன்.

கடைசி வரிசையில் இருந்த அவள் அம்மா பஞ்சவர்ணத்துக்கும் விளங்கவில்லை. அந்த மெஷின் வீட்டில் இப்படிப் பேசியதே இல்லையே!

இந்த டீச்சரை நம்பிப் பிரயோசனமில்லை என்று அழகம்மைக்குப் புரிந்துவிட்டது. தண்ணீர் டம்ளர் படத்தைத் தொட்டாள். அடுத்து, பஸ் வருவதைச் சொல்ல நான் பதிந்திருந்த படத்தைத் தொட்டாள்.

"தண்ணி. வருது."

கூட்டத்தில் பாதிப் பெண்கள் எழுந்துவிட்டார்கள். குழாயில் எப்போது தண்ணீர் வரும் என்று எவருக்கும் தெரியாத ஊர் அது. "இந்நேரத்துலயா? எந்தத் தெருவுக்குடி?" என்றாள் ஒருத்தி. வாசல் பக்கம் இருந்தவர்கள் செருப்பே போட்டுவிட்டார்கள். விண்வெளிக்குப் போன அதிகாரி பாதி வழியில் நின்றார்.

பஞ்சவர்ணம் மட்டும் மேடைக்கு ஓடி வந்தாள். "குழாத் தண்ணி இல்லடி! டீச்சர், புள்ளைக்கு ஒண்ணுக்கு வருது. கைதட்டிக்கிட்டு நிக்கிறீகளே!"

நாற்காலியைத் தள்ளிக்கொண்டு ஓடினோம். பக்கத்தில் இருந்தது அந்தப் புதுக் கழிப்பறைதான். வாசலை மறித்து ரோஸ் கலர் ரிப்பன். பின்னாலேயே தலைமையாசிரியர் அலறிக்கொண்டு வந்தார்.

"டீச்சர், ரிப்பன்! சாரு இன்னும் வெட்டலையே!"

"அவுக வெட்டுற வரைக்கும் எம்புள்ள தாங்காது. தள்ளுங்க சார்!" என்றாள் பஞ்சவர்ணம்.

ரிப்பன் சக்கரத்தில் சுற்றிக்கொண்டு எங்களோடு உள்ளே வந்தது. நல்லவேளை, தப்பித்தோம். வெளியே மூடிய கதவுக்கு முன்னால் அதிகாரி கத்திரிக்கோலும் கையுமாக நிற்க, போட்டோகிராபர் கடமை தவறாமல் படம் எடுத்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் பழைய பதிவைத் திரும்பப் போட்டுவிட்டு அழகம்மையிடம் மன்னிப்புக் கேட்டேன். அவள் அதைக் கண்டுகொள்ளவேயில்லை. டேப்லெட்டில் அப்போதுதான் பழகத் தொடங்கியிருந்த எழுத்துப் பலகையில் மெதுவாக ஒவ்வொரு எழுத்தாகத் தொட்டு, புதிதாக ஒரு வாக்கியம் வேண்டும் என்றாள். குழைவு, நெளிவு எதுவும் சேர்க்காமல் அப்படியே பதிந்தேன்.

"கை தட்டாதீக. என்னன்னு கேளுங்க."

அந்த வாக்கியத்தை இன்றுவரை அதிகம் வாங்கிக் கட்டிக்கொள்வது நான்தான். வீட்டில் இதைச் சொன்னது அதைவிடப் பெரிய தப்பு. என் கணவரும் மகளும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்கள். போன வாரம் மகள் ஹாஸ்டலிலிருந்து போன் செய்து, இந்தப் படிப்பு ஒத்துவரவில்லை என்று ஏதோ சொல்ல ஆரம்பித்தாள். "என் தங்கமே, நீ கெட்டிக்காரியாச்சே, உன்னால முடியாததா?" என்று நான் தொடங்கினேன்.

"அம்மா, கை தட்டாதீக."

வாயை மூடிக்கொண்டேன். பிறகு, "சரி, என்னன்னு சொல்லு" என்றேன்.