திமிங்கிலம் வீட்டுத் துக்கம்

மதுரைக்குக் கடல் இல்லாத குறையே தெரியாமல் எங்களை வைத்திருப்பவர் ஆனையூர் 'திமிங்கிலம்'. ஆள் என்னவோ ஈர்க்குச்சிதான். திமிங்கில ஆராய்ச்சியாளர் என்பதால் தெரு வைத்த பெயர் அது.

"கடலோரமாக் குடி போயிரலாம்லண்ணே?" என்று ஒருமுறை கேட்டேன்.

"திமிங்கிலம் ராமநாதபுரத்துல ஒதுங்குனாலும் தூத்துக்குடியில ஒதுங்குனாலும் இங்கருந்து ஏறக்குறைய ஒரே தூரம் மாப்ள" என்றார்.

எல்லாக் கரைக்கும் சமமாகத் தாமதமாகப் போய்ச் சேர்வார். கரை ஒதுங்கிய ஒன்றையாவது உயிரோடு கடலுக்குத் திருப்பி அனுப்பிவிட வேண்டும் என்பது அவருடைய ஒரே ஆசை. இத்தனை வருஷத்தில் ஒன்றுகூட நடக்கவில்லை. போகும்போது ஓடுவார், வரும்போது நடக்கவே தெம்பிருக்காது.

போன வருஷம் ஒரு காலை, வாசலில் நின்று போனில் அலறினார்.

"மூச்சு இருக்குல்ல? ஈரத்துணியப் போத்துங்க! மூக்குக்குள்ள தண்ணி போயிராமப் பாத்துக்கங்க! இந்தா வாரேன், விட்ராதீங்க!"

பழைய வேட்டி மூட்டையோடு பஸ்ஸுக்கு ஓடினார். தெருவுக்கு இது போதாதா? சொந்தத்தில் யாரோ போய்விட்டதாகவே முடிவு கட்டிவிட்டது. சாயங்காலம் முகம் தொங்கித் திரும்பியவருக்காக, வாசலில் எதிர்வீட்டு ஸ்டெல்லா டீச்சர் மாலையோடு நின்றார். பின்னால் பாதித் தெரு.

"எம்புட்டு வயசு சார்?"

"குட்டிதான் டீச்சர். பால்குடிகூட மறக்கல."

டீச்சர் சிலுவை போட்டுக்கொண்டார். "பெத்தவ?"

"பக்கத்துல வர முடியாம அங்கயே சுத்திச் சுத்தி வந்துச்சு."

"எப்ப எடுக்குறாங்க?"

"ஜேசிபி வந்தாத்தான் எடுக்க முடியும். ரெண்டு டன் இருக்கும்ல."

டீச்சரின் வாய் திறந்தபடி நின்றது. சிரிப்பை அடக்க நான் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டேன். திரும்பிப் பார்த்தபோது, அண்ணன் இரண்டு கையாலும் மாலையை வாங்கிக்கொண்டிருந்தார். கண் நிறைந்திருந்தது.

"நான் போறதுக்கு அரை மணி நேரம் முன்னால வரைக்கும் மூச்சு இருந்துச்சாம் டீச்சர். பஸ்ஸு கொஞ்சம் வெரசாப் போயிருந்தா... இத்தன வருஷத்துல எங்கிட்ட யாரும் துக்கம் கேட்டதே இல்ல."

யாரும் சிரிக்கவில்லை. டீச்சர்தான் சமாளித்தார். "உக்காருங்க சார். காப்பி போட்டுட்டு வாரேன்."

அதற்குப் பிறகு அவருக்குப் போன் வந்தால் என் காரைத்தான் எடுக்கிறேன். மூன்று முறை போய்விட்டோம். மூன்றிலும் தோல்விதான். எனக்கும் அலுத்துவிட்டது, முதுகும் வலிக்கிறது. ஆனாலும் அந்த மனிதரைத் தனியாகத் திரும்பி வரவிட எனக்கு மனசு வரவில்லை.