எட்டாவது ஆணியில் பச்சை டப்பா

சிவப்பு டப்பாவை இன்னொரு சிவப்பு டப்பாவுக்குப் பக்கத்தில் மாட்டினேன். மஞ்சளைக் கழற்றி மேல் வரிசைக்குக் கொண்டுபோனேன். ஊதா இரண்டுதான் இருந்தன. அவற்றை ஓரத்துக்குத் தள்ளினேன். இரண்டடி பின்னால் வந்து பார்த்தேன்.

இப்போது படம் நன்றாக இருந்தது.

தோசை வாங்கத்தான் போனேன். ஆறு தோசை, சட்னி தனியாக. மனைவி சொன்னது அவ்வளவுதான்.

பினாங்குத் தீவில், ஜெலுத்தோங் வட்டாரத்தில் எங்கள் அடுக்குமாடிக்குக் கீழே பார்வதி அக்காவின் காலைப் பசியாறும் கடை இருக்கிறது. கடை என்றால் ஒரு தள்ளுவண்டி, இரண்டு தோசைக்கல், நான்கு மேசை. வண்டிக்குப் பின்னால் சுவரில் ஒரு பலகை. பலகையில் பத்தொன்பது ஆணிகள். மாடியில் இருக்கும் வாடிக்கைக்காரர்கள் விடிவதற்கு முன் இறங்கி வந்து, கைப்பிடி வைத்த தங்கள் டப்பாவை அவரவர் ஆணியில் மாட்டிவிட்டுப் போவார்கள். அக்கா ஒவ்வொன்றாக எடுத்து நிரப்பி அதே ஆணியில் திரும்ப மாட்டுவார். ஆறரைக்குத் தொழிற்சாலை பஸ் வரும். ஆளுக்கொரு டப்பாவை உருவிக்கொண்டு ஓடுவார்கள்.

டப்பாவில் பெயர் இல்லை. எண் இல்லை. என்ன வேண்டும் என்று யாரும் கேட்பதுமில்லை, சொல்வதுமில்லை.

இதெல்லாம் எனக்கு அப்போது தெரியாது. நான் அங்கே பதினோரு வருடமாகக் குடியிருக்கிறேன். ஜெலுத்தோங் செய்திகளுக்கென்று முகநூலில் ஒரு பக்கமும் நடத்துகிறேன். எந்தக் கடை திறந்தது, எந்தச் சாக்கடை அடைத்தது, எல்லாம் எனக்கு அத்துப்படி!

அக்கா மாவு வாளி எடுக்க உள்ளே போயிருந்தார். அந்த இரண்டு நிமிடத்தில்தான் நிறவாரியாக அடுக்கினேன். படம் எடுத்தேன். பழையபடி மாற்றி வைக்க வேண்டும் என்று தோன்றவில்லை. அழகாகத்தானே இருக்கிறது?

அக்கா வந்தார். கல்லைப் பார்த்து நின்றபடியே கையைப் பின்னால் நீட்டி முதல் ஆணியிலிருந்து டப்பாவை எடுத்தார். நிரப்பினார். மாட்டினார். அடுத்தது. அவர் கண் பலகைப் பக்கமே போகவில்லை.

நான் மேசையில் உட்கார்ந்து தலைப்பு யோசித்துக்கொண்டிருந்தேன். “பினாங்கின் அடுத்த தெருக்கலை ஜெலுத்தோங்கில்!” என்று போட்டேன். பதிவேற்றினேன். பஸ் வந்தது, போனது.

கருத்துகள் வர ஆரம்பித்தன.

“இந்தக் கண்காட்சி எதுவரைக்கும்?”

“நுழைவு இலவசமா லா?”

“கலைஞர் பெயர் போடவும்.”

நகர மையத்தில் காப்பிக் கடை வைத்திருக்கும் ஒருவர், அந்தப் பலகையைச் சுவரோடு பெயர்த்து விலைக்குத் தருவார்களா என்று கேட்டிருந்தார். எல்லாருக்கும் பொறுப்பாகப் பதில் எழுதினேன். தலையைத் தூக்கியபோது மணி ஏழே முக்கால். மனைவியின் ஆறு தோசையும் என் முன்னால் பொட்டலத்தில் ஆறிக்கிடந்தன.

அக்காவின் முகம் சரியில்லை.

“என்னக்கா?”

“மேனகா டீச்சர் போன் பண்ணாங்க தம்பி. தினமும் ரெண்டு இட்லி வாங்குறவங்க. இன்னிக்கு டப்பாவுல நாலு முட்டைத் தோசையாம்.”

“ஒரு நாள்தானேக்கா.”

“அதுக்கு முன்னாடி லோரி ஓட்டுற அந்தோணி திரும்பி வந்து கத்திட்டுப் போறான். ‘ரெண்டு இட்லி குடுத்திருக்க, நான் என்ன ஆஸ்பத்திரியிலயா படுத்திருக்கேன்’னு. இருபது வருசத்துல இப்படி ஆனதில்ல.” கரண்டியைக் கீழே வைத்தார். “எங்க அம்மாவுக்கும் இப்படித்தான் ஆரம்பிச்சுது. முதல்ல அடுப்படியில மறந்தாங்க. அப்புறம் எங்களையே மறந்தாங்க.”

எனக்குப் பாவமாக இருந்தது. ஒருதடவை கிளினிக்கில் காட்டிவிடலாம் என்றுகூடச் சொன்னேன். நல்ல மனிதன் என்று என்னைப் பற்றி எனக்கே தோன்றியது.

“கவலையை விடுங்கக்கா. இதைப் பாருங்க, மனசு லேசாயிடும். ஒன்றரை மணி நேரத்துல எத்தனை லைக் பாருங்க!”

கைபேசியை நீட்டினேன்.

அக்கா ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கிப் பார்த்தார். சிரிக்கவில்லை. விரலால் படத்தைப் பெரிதாக்கினார். இன்னும் பெரிதாக்கினார்.

“தம்பி.”

“சொல்லுங்கக்கா.”

“இந்தப் பச்சை டப்பா எட்டாவது ஆணியில என்ன பண்ணுது?”

“பச்சையெல்லாம் ஒரே வரிசையில இருந்தா நல்லா இருக்கும்னு…”

அக்கா என்னைப் பார்த்தார். அதுவரை அவர் என்னைத் தம்பி என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார் என்பதைக் குறிப்பிட வேண்டும்.

“அறிவிருக்கா உனக்கு? ஆணிய வெச்சுத்தான்டா நான் சாப்பாடு போடறேன்! ஒண்ணாவது ஆணி இட்லி. மூணாவது ஆணி வெறும் தோசை, பருப்பு. எட்டாவது ஆணி தோசையில நெத்திலிக் கருவாட்டு சம்பல். உள்ள வெச்சு மடிச்சுப் போடுவேன், வெளிய தெரியாது.”

“பச்சை டப்பா யாரோடதுக்கா?”

“குமரனோடது, மூணாவது ஆணிக்காரன். தைப்பூசத்துக்குக் காவடி எடுக்கிறான். இன்னியோட நாப்பத்தோரு நாள் விரதம். தரையில படுக்கிறான். காலையில என் தோசை, ராத்திரி வாழைப்பழம், அவ்வளவுதான். அவன் பிள்ள ஒரு மாசம் ஆஸ்பத்திரிக் கண்ணாடிப் பெட்டியில கிடந்தது. அதுக்கு வேண்டிக்கிட்டது.”

“நெத்திலின்னா வாசனையிலயே கண்டுபிடிச்சிடுவார்கா.”

“எங்க கண்டுபிடிக்கிறது? விடியக்காலையில பச்சத்தண்ணியில குளிச்சுக் குளிச்சு அவன் மூக்கு ஒரு வாரமா அடைச்சுக் கெடக்கு!”

போன் செய்தோம். மணி அடித்தது, எடுக்கவில்லை. தொழிற்சாலையில் கைபேசியைப் பெட்டியில் பூட்டிவிட்டுத்தான் உள்ளே விடுவார்கள். பசியாறும் நேரம் ஒன்பதரை. தொழிற்சாலை அக்கரையில், ஜுருவில். நாங்கள் தீவில். நடுவில் கடல்.

அக்கா மூன்று தோசை வார்த்தார். வீட்டிலிருந்து கொண்டுவந்திருந்த டப்பாவை நீட்டினேன்.

“இதுல வீட்ல கறி வெச்சிருக்கீங்களா?”

“வெச்சிருக்கோம்.”

டப்பா என் கைக்கே திரும்பி வந்தது. புது வாழை இலையில் கட்டி, நாளிதழ் சுற்றி, நூல் போட்டுக் கொடுத்தார். “மடியில வெச்சுக்க. காடியில சீட்டு மேலகூட வைக்காத. போ!”

போனேன். பாலத்தில் ஏறியவுடன் வண்டிகள் நின்றுவிட்டன. முன்னால் எங்கோ ஒரு லோரி பழுதாம். என் முகநூல் பக்கத்திலேயே யாரோ படத்தோடு போட்டிருந்தார்கள். முதல்முறையாக என் பக்கத்தால் எனக்கு ஒரு பயன் கிடைத்தது. ஆனால் பாலத்தில் ஏறிய பிறகு.

மனைவி அழைத்தாள்.

“தோசை என்னாச்சு?”

“பாலத்துல இருக்கேன்.”

“எந்தப் பாலத்துல?”

“பினாங்குப் பாலத்துல.”

“கீழ இருக்கிற கடையில தோசை வாங்க எதுக்குக் கடலைத் தாண்டிப் போறீங்க?”

“வந்து சொல்றேன்.”

“வர வேணாம்,” என்று வைத்துவிட்டாள்.

ஒன்பது பத்துக்குத் தொழிற்சாலை வாசலை அடைந்தேன். காவல் அறையில் ஒரு மலாய்க்காரப் பெரியவர் இருந்தார். என்ன வேண்டும் என்று மலாயில் கேட்டார்.

இங்கேதான் நான் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். விரதம், தைப்பூசம், தோசை. மூன்று வார்த்தை. ஆனால் விரதம் என்றால் காத்திரு என்று சொல்லிவிடுவாரோ என்று பயம். தவிர, நான் பக்கம் நடத்துகிறவன். எதைச் சொன்னாலும் முதலில் தலைப்புதான் வாயில் வரும்.

“சாப்பாட்டில் ஆபத்து!” என்றேன்.

பெரியவர் எழுந்து நின்றார். “விஷமா?”

“கிட்டத்தட்ட.”

அவர் ரேடியோவில் பேசியது எனக்குப் பாதி புரிந்தது. புரிந்த பாதியே போதுமானதாக இருந்தது. உள்ளே ஒலிபெருக்கி அலறியது. ஜெலுத்தோங் கடைச் சாப்பாடு வைத்திருப்பவர்கள் டப்பாவைத் திறக்காமல் உடனே வாசலுக்கு வரவும்!

மஞ்சள் மேலங்கி போட்ட ஒரு சீனப் பெண்மணி படிவ அட்டையும் பேனாவுமாக வந்தார். பாதுகாப்பு அதிகாரி. அவருக்குப் பின்னால் நீலச் சட்டையில் ஆறு பேர், கையில் ஆறு டப்பா. அவற்றை வாங்கிக் காவல் அறை மேசையில் வரிசையாக வைத்தார்கள். நிறவாரியாக இல்லை.

ஆறு பேரில் தாடி வளர்த்திருந்தவர்தான் குமரன் என்று புரிந்துகொண்டேன்.

“தம்பி, சாப்பிட்டுட்டீங்களா? பச்சை டப்பாவுல நெத்திலி சம்பல் இருக்கு!”

“தெரியுமே அண்ணே,” என்றார் குமரன் மூக்கடைத்த குரலில். “பஸ்ஸிலயே மாத்திக்கிட்டோம்.”

“மாத்திக்கிட்டீங்களா?”

பக்கத்தில் நின்ற நடுவயதுக்காரர் முன்னால் வந்தார். “நான் கணேசன். எட்டாவது ஆணி நான்தான். இவன் என் பக்கத்துல உக்காந்தான். டப்பாவுலேருந்து என் சம்பல் வாசம் வருது! அப்புறம் எல்லாரையும் திறக்கச் சொன்னேன். இவன் தோசை செல்வி டப்பாவுல இருந்துச்சு. யாருக்கு எதுன்னு எங்களுக்குத் தெரியாதா? டப்பாவோட மாத்திக்கிட்டோம். அஞ்சு நிமிசம்.”

“அப்ப விரதம்…”

“அது பாட்டுக்கு இருக்கு அண்ணே,” என்றார் குமரன். “இப்ப சாப்பாடுதான் இல்ல.”

மேசையைப் பார்த்தேன். அதிகாரி ஆறு டப்பாக்களுக்கும் சிவப்பு நாடா ஒட்டிக்கொண்டிருந்தார். அலுவலகத்திலிருந்து அனுமதி வரும்வரை யாரும் தொடக் கூடாது. அனுமதி மத்தியானம் வரலாம். பசியாறும் நேரத்துக்கு இன்னும் பதினைந்து நிமிடம்தான்.

ஆறு பேரும் என்னைப் பார்த்தார்கள்.

“காண்டீன்ல நான் ஏதாவது வாங்கித் தரட்டுமா?”

“வேணாம் அண்ணே,” என்றார் கணேசன். “நீங்க எதுவும் செய்யாம இருந்தாலே போதும்.”

செல்வி என்ற பெண் என்னை உற்றுப் பார்த்தாள். “நீங்க அந்தப் பக்கம் நடத்துறவர்தானே? போன மாசம் எங்க புளோக்குல லிஃப்ட் ரிப்பேர் ஆயிடுச்சுன்னு போட்டீங்க. அது எங்க புளோக்கே இல்ல.”

அதிகாரி பேனாவைத் தட்டினார். “எத்தனை பேர் வாந்தி எடுத்தார்கள்?”

“யாரும் இல்லை.”

“இதுவரை இல்லை,” என்று சொல்லிக்கொண்டே எழுதினார். “கடையின் பெயர்?”

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்த வரியில் பார்வதி அக்காவின் கடை ஏறினால், நாளைக்குப் பலகையில் பத்தொன்பது ஆணியும் வெறுமையாக இருக்கும். காலையில் தன் புத்தியையே சந்தேகப்பட்ட மனுஷி அவர்.

“கடையில் தப்பு இல்லை. சாப்பாட்டிலும் தப்பு இல்லை. நான்தான் டப்பாக்களை மாற்றி வைத்தேன்.”

“ஏன்?”

“நிறம் பொருந்தவில்லை.”

அவர் பேனாவை நிறுத்தி என்னை ஏற இறங்கப் பார்த்தார். அடையாள அட்டையைக் கேட்டார். கொடுத்தேன். ‘சந்தேகத்துக்குரிய மூலப்பொருள்’ என்ற கட்டத்தில் என் முழுப் பெயரை, அப்பா பெயரோடு, நிறுத்தி நிதானமாக எழுதினார்.

அந்தப் படத்தைப் பக்கத்திலிருந்து நீக்கிவிட்டேன் என்பதை இங்கே தெரிவித்துக்கொள்கிறேன். லைக் போட்டவர்கள் மன்னிக்கவும். கண்காட்சி முடிந்துவிட்டது.

“உண்மையில் என்னதான் நடந்தது?” என்று காவல்காரப் பெரியவர் மெதுவாகக் கேட்டார். சொன்னேன். இந்தத் தடவை ஒழுங்காக, தைப்பூசத்திலிருந்து.

“தைப்பூசமா?” அவர் நெற்றியில் அடித்துக்கொண்டார். “அதை முதலில் சொல்லக் கூடாதா! வருடா வருடம் தண்ணீர்ப் பந்தலுக்குப் போகிறவன் நான். நானே உள்ளே போய் ரகசியமாகச் சொல்லியிருப்பேனே.”

இலைப் பொட்டலம் இன்னும் என் கையில் இருந்தது. அது படிவத்தில் இல்லை. வெளியாள் கொண்டுவந்தது என்பதால் வாசலைத் தாண்டி உள்ளே போகவும் முடியாது. குமரன் வாசலில் போட்டிருந்த மஞ்சள் கோட்டைத் தாண்டி வெளியே வந்து, மதில் நிழலில் செருப்பைக் கழற்றிவிட்டு, நின்றபடியே மூன்று தோசையையும் சாப்பிட்டார். மற்ற ஐந்து பேரும் காண்டீனுக்கு ஓடினார்கள்.

அதிகாரி கடைசி வரிக்கு வந்திருந்தார். “இது மீண்டும் நடக்காமல் இருக்க என்ன நடவடிக்கை எடுக்கப்போகிறீர்கள்?”

நான் அவர் தோளுக்கு மேலே பார்த்தேன்.

அவருக்குப் பின்னால், காவல் அறைக்குள், பெரியவர் பச்சை டப்பாவின் நாடாவை நகத்தால் கவனமாக உரித்து, நெத்திலித் தோசையில் ஒரு துண்டைப் பிய்த்து வாயில் போட்டுக்கொண்டு, நாடாவைத் திரும்ப ஒட்டி அழுத்தினார்.